வினைல் தட்டின் இழுப்பு எங்கே இருக்கிறது?

2022-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சுமார் 4.1 கோடி வினைல் இசைத்தட்டுகள் விற்றன. அதே ஆண்டு விற்ற சிடிக்கள் 3.3 கோடி. எண்ணிக்கையில் சிடியை வினைல் முந்தியது 1987-க்குப் பிறகு அதுவே முதல் முறை. கதை முடிந்தது என்று எல்லோரும் கைகழுவிய ஒரு பொருள், தன் இடத்தைப் பிடித்த பொருளையே விற்பனையில் தாண்டிவிட்டது. ஏன் என்று கேட்டால் பலரிடமிருந்தும் வரும் பதில் ஒன்றுதான்: "வினைலில் சவுண்டே வேற மாதிரி இருக்கும். ஒரு இதம் இருக்கும்."

சரி, ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. லுமினேட் என்ற இசைச் சந்தை ஆய்வு நிறுவனம் 2023-இல் சொன்னது இது: அமெரிக்காவில் அதற்கு முந்தைய 12 மாதங்களில் வினைல் வாங்கியவர்களில் பாதிப் பேரிடம்தான் ரெக்கார்டு பிளேயர் இருந்தது. மீதிப் பாதிப் பேர் தட்டை அலமாரியில் அடுக்கலாம், சுவரில் மாட்டலாம். பாட்டை எப்படியும் போனில்தான் கேட்டாக வேண்டும். ஒலிதான் காரணம் என்றால் இந்தக் கணக்கு இடிக்கிறது.

அதற்காக ஒலி என்பதே வெறும் பிரமை என்று தள்ளிவிடவும் முடியாது. வினைல் பிரியர்கள் கேட்பதாகச் சொல்லும் வித்தியாசம் பல நேரம் உண்மையிலேயே இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லும்போதுதான் அவர்கள் தவறான இடத்தைக் காட்டுகிறார்கள். என் கணிப்பில், வினைலின் கவர்ச்சியில் பெரும்பங்கு அதனால் செய்ய முடியாதவற்றிலிருந்து வருகிறது. அதைப் புரிந்துகொள்ள, முதலில் ஊசி ஓடும் பள்ளத்துக்குள் கொஞ்சம் இறங்கிப் பார்க்க வேண்டும்.

பள்ளத்துக்குள்

1948 ஜூனில் கொலம்பியா நிறுவனம் எல்பி என்ற, நீண்ட நேரம் ஒலிக்கும் தட்டை அறிமுகம் செய்தது. அதற்கு முன்பு இருந்தவை நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் ஷெல்லாக் தட்டுகள். 3 முதல் 5 நிமிடத்தில் ஒரு பக்கம் முடிந்துவிடும், கைதவறினால் உடைந்துவிடும். எல்பி மூன்று விஷயங்களை மாற்றியது. பொருள் பிவிசி ஆனது. வேகம் 33⅓ சுற்றாகக் குறைந்தது. பள்ளம் மிகவும் மெலிந்தது. இதனால் 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் 20 நிமிடத்துக்கு மேல் இசை அடங்கியது.

தட்டைப் பார்த்தால் நூற்றுக்கணக்கான வட்டங்கள் இருப்பது போலத் தெரியும். ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே பள்ளம்தான். வெளி விளிம்பில் தொடங்கி உள்ளே சுருண்டு சுருண்டு போகிறது. 22 நிமிடப் பக்கம் என்றால் தட்டு 730 முறைக்கு மேல் சுற்றும். அந்தப் பள்ளத்தை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் வரும். அகலம் என்னவோ ஒரு தலைமுடி அளவுதான். அதன் இரண்டு சுவர்களும் 45 டிகிரி சாய்ந்திருக்கும். தட்டின் மையத்தை ஒட்டிய சுவரில் இடது சேனல், வெளிப்புறச் சுவரில் வலது சேனல். ஒரு வைர முனை இரண்டு சுவர்களையும் உரசிக்கொண்டே போகிறது. அந்த அதிர்வு, ஊசியைத் தாங்கும் காட்ரிட்ஜ் என்ற சிறு பெட்டிக்குள் இருக்கும் காந்தத்தையோ கம்பிச் சுருளையோ ஆட்டி மின்சாரமாகிறது. ஊசி அழுத்தும் எடை ஒன்றரை, இரண்டு கிராம்தான். ஆனால் தொடும் பரப்பு அவ்வளவு சின்னது என்பதால் அந்தப் புள்ளியில் விழும் அழுத்தம் பயங்கரமானது. தட்டு தேய்வது அதனால்தான்.

இப்போது சிக்கல்கள். பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, பள்ளத்தை இடமும் வலமும் பெரிதாக ஆட்டும். அதை உள்ளபடியே பதித்தால் ஒரு பக்கத்தில் சில நிமிடங்களே தேறும். எனவே மூலத் தட்டில் பள்ளத்தை வெட்டும்போதே பேஸைக் குறைத்து, ட்ரெபிளை, அதாவது உயர்ந்த ஒலியை, ஏற்றிவிடுகிறார்கள். எவ்வளவு குறைக்க வேண்டும், எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதற்கு 1954-இல் வந்த ஆர்ஐஏஏ (அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம்) வளைவு ஒரு பொது அளவுகோல் ஆனது. நடு அலைவரிசையோடு ஒப்பிட்டால் 20 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபல் இறக்கம். 20,000 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட அதே அளவு ஏற்றம். வீட்டில், ஊசியின் மெல்லிய மின்சாரத்தைப் பெருக்கும் போனோ ப்ரீஆம்ப் என்ற கருவி இதை அப்படியே தலைகீழாக்கித் தருகிறது. ட்ரெபிளை இறக்கும்போது தட்டின் 'உஸ்' சத்தமும் சேர்ந்து இறங்குகிறது, அது லாபம். பேஸை ஏற்றும்போது மோட்டாரின் உறுமலும் சேர்ந்து ஏறுகிறது, அது நஷ்டம்.

அடுத்தது, இடது சேனலிலும் வலது சேனலிலும் பேஸ் ஒத்துப்போகாமல் இருந்தால் ஊசி மேலும் கீழுமாகக் குதிக்கும். சில இடத்தில் பள்ளம் ஆழமே இல்லாமல் போய் ஊசி தெறித்துவிடும். அதற்காகப் பேஸை நடுவில் கொண்டுவந்து மோனோவாக்குகிறார்கள், அதாவது இரண்டு சேனலிலும் ஒன்றாக்குகிறார்கள். பாடகரின் 'ஸ்', 'ஷ்' ஒலிகள் கூர்மையாக வந்தால் வெட்டும் முனையாலும் தாங்க முடியாது, கேட்கும் ஊசியாலும் பின்தொடர முடியாது. அதையும் அடக்க வேண்டும். பக்கம் நீளமானால் பள்ளங்களை நெருக்க வேண்டும், நெருக்கினால் ஒலியளவைக் குறைக்க வேண்டும், குறைத்தால் கரகரப்பு கூடுதலாகத் தெரியும்.

எல்லாவற்றையும்விட விசித்திரமானது வேகக் கணக்கு. தட்டு சுற்றுவது எப்போதும் 33⅓ தான். ஆனால் வெளி விளிம்பில் ஒரு நொடியில் ஊசிக்கு அடியில் ஓடுவது சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம். மையத்துக்கு அருகே அது 21 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. முதல் பாட்டுக்குக் கிடைத்த இடத்தில் பாதிகூடக் கடைசிப் பாட்டுக்குக் கிடைப்பதில்லை. பக்கத்தின் கடைசிப் பாட்டில் தாளத்தட்டுகளின் ஓசை கொஞ்சம் மங்கலாக, பிசிறடித்துக் கேட்பதற்கு இதுதான் காரணம். பக்கத்தின் கடைசியில் மெதுவான, அமைதியான பாட்டை வைப்பதில் ரசனை மட்டும் இல்லை, வடிவியலும் இருக்கிறது.

இவ்வளவு சமரசங்களுக்குப் பிறகு நல்ல தட்டில், நல்ல கருவியில் கிடைக்கும் டைனமிக் ரேஞ்ச், அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி, 60 முதல் 70 டெசிபல். நடுத் துளை மயிரிழை விலகியிருந்தாலும் நீண்ட பியானோ சுரங்கள் அலையும். தூசு விழுந்தால் 'டப்' என்று வெடிக்கும்.

சிடி எங்கே தோற்றது?

1982 அக்டோபரில் ஜப்பானில் சிடி விற்பனைக்கு வந்தது. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த அளவுகள் இன்றுவரை மாறவில்லை: நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலி அலையை அத்தனை முறை அளந்து எண்ணாக்குவது), மாதிரிக்கு 16 பிட். டைனமிக் ரேஞ்ச் கணக்குப்படி 96 டெசிபல். லேசர் ஒளி தட்டைத் தொடுவதில்லை, தேய்மானம் இல்லை. சிறு கீறல் விழுந்தாலும் பிழைதிருத்தும் கணக்கு அதைச் சரிசெய்துவிடும். இடது, வலது சேனல்கள் ஒன்றோடொன்று கலப்பது வினைலில் கேட்கக்கூடிய அளவில் உண்டு. சிடியில் இல்லை என்றே சொல்லலாம்.

இங்கேதான் அந்தப் பழைய படத்தைக் கொண்டுவந்து காட்டுவார்கள். அனலாக் என்றால் வழுவழுப்பான வளைகோடு, டிஜிட்டல் என்றால் படிக்கட்டு. படிகளுக்கு நடுவே இசை தொலைந்துபோகிறது என்பது வாதம். பார்க்க நம்பும்படியாக இருக்கும், ஆனால் தப்பு. நைக்விஸ்ட், ஷானன் ஆகியோரின் பெயரில் வழங்கும் மாதிரித் தேற்றம் சொல்வது: மாதிரி எடுக்கும் வேகத்தில் பாதிக்குக் கீழே உள்ள அலைவரிசைகள் அனைத்தையும் முழுமையாக மீட்டெடுக்கலாம். 44,100-இல் பாதி 22,050. மனிதக் காது எட்டும் உச்சம் சுமார் 20,000. வயது ஏற ஏற அதுவும் குறையும். சிடி பிளேயரின் பின்பக்க முனையிலிருந்து வெளியே வருவது படிக்கட்டு அல்ல, வழுவழுப்பான அலைதான். படிக்கட்டு இருப்பது அந்தப் படத்தில் மட்டும்.

சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பிராட் மேயர், டேவிட் மோரன் இருவரும் 2007-இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிடியைவிடத் துல்லியமான எஸ்ஏசிடி போன்ற தட்டுகளின் ஒலியை ஒரு முறை நேராகவும், ஒரு முறை சிடி தரத்துக்கு இறக்கியும் கேட்க வைத்தார்கள். எது எது என்று 550 தடவைக்கு மேல் கேட்டதில் சரியான விடைகள் கிட்டத்தட்ட 50 சதவீதம். காதைப் பொத்திக்கொண்டு குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தாலும் அதே அளவுதான் வந்திருக்கும். ஒலியளவை வழக்கத்துக்கு மீறி ஏற்றியபோது மட்டும் சிடி தரத்தின் பின்னணி இரைச்சல் காட்டிக்கொடுத்தது.

ஆக, அளவுகோலை எடுத்து வைத்தால் சிடியின் பக்கம்தான் தீர்ப்பு. அப்புறம் ஏன் பலருக்கு அதே ஆல்பம் வினைலில் மேலாகக் கேட்கிறது?

பதில் தட்டில் இல்லை, தட்டுக்கு முந்தைய படியில் இருக்கிறது. ஒலிப்பதிவும் கலவையும் முடிந்தபின் ஆல்பத்துக்கு இறுதி வடிவம் கொடுப்பதை மாஸ்டரிங் என்கிறார்கள். 1990-களில் இந்த இடத்தில் ஒரு போட்டி மூண்டது: யார் பாட்டு மற்றவர் பாட்டைவிடச் சத்தமாகக் கேட்கிறது என்ற போட்டி. டிஜிட்டலில் ஒலியளவுக்குத் தாண்டவே முடியாத ஒரு உச்சவரம்பு உண்டு. அதனால் கம்ப்ரஸரையும் லிமிட்டரையும் வைத்து மெல்லிய இடங்களைத் தூக்கி, உச்சங்களை நறுக்கி, பாட்டு முழுவதையும் அந்த வரம்போடு ஒட்டவைத்தார்கள். பக்கம் முழுவதையும் தடித்த எழுத்தில் அச்சடித்தால் எதுவுமே அழுத்தமாகத் தெரியாதே, அதுபோல டிரம் அடியும் கிசுகிசுப்பும் ஒரே அளவில் முகத்தில் அறையும். மெட்டாலிகா குழுவின் 2008 ஆல்பம் 'டெத் மேக்னடிக்' இதற்குப் பெயர்போன உதாரணம். அதே பாடல்கள் கிட்டார் ஹீரோ என்ற வீடியோ விளையாட்டிலும் வந்தன. சிடியைவிட விளையாட்டில் பாட்டு நன்றாகக் கேட்கிறது என்று கண்டுபிடித்தவர்கள் ரசிகர்களே. விளையாட்டுக்குப் போனவை அவ்வளவாக நசுக்கப்படாத கலவைகள்.

வினைலில் இந்தப் போட்டிக்கு இடம் குறைவு. நசுக்கிய மாஸ்டரைக் கொண்டுவந்தாலும் தட்டு அதைச் சத்தமாகத் தாங்காது. ஒலியளவை இறக்கித்தான் வெட்ட முடியும். அதனால் பொறியாளர் பல நேரம் வினைலுக்கென்று தனியாக, கொஞ்சம் மூச்சுவிடும் மாஸ்டர் ஒன்றைத் தயாரிக்கிறார். அதைக் கேட்பவர் 'அனலாக்கின் இதம்' என்று சொல்கிறார். அவர் கேட்டது நல்ல மாஸ்டரை. அதையே சிடியில் பதித்துக் கொடுத்திருந்தால் அங்கேயும் நன்றாகத்தான் கேட்டிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. எல்லா வினைலுக்கும் தனி மாஸ்டர் செய்கிறார்கள் என்று நம்பிவிடக் கூடாது. சிடிக்குச் செய்த மாஸ்டரையே ஒலியளவைக் குறைத்து வெட்டி அனுப்புவதும் சாதாரணமாக நடக்கிறது. இணையத்தில் சிலர் வினைலைக் கணினியில் பதிந்து டைனமிக் ரேஞ்ச் மீட்டரில் போட்டு, "பாருங்கள், எண் எவ்வளவு அதிகம்" என்பார்கள். வெட்டுவதிலும் திரும்ப வாசிப்பதிலும் அலையின் உச்சங்கள் இடம் மாறுவதால், ஒரே மாஸ்டராக இருந்தாலும் அந்த மீட்டர் வினைலுக்குக் கூடுதல் எண் காட்டும். நறுக்கப்பட்ட டிரம் அடி திரும்ப முளைத்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

யார் கைபட்டது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு லெட் செப்பெலின் ராக் குழுவின் இரண்டாவது ஆல்பம் நல்ல சாட்சி. 1969-இல் அதை முதலில் வெட்டியவர் ராபர்ட் லுட்விக். பேஸையும் சத்தத்தையும் துணிந்து தூக்கி வெட்டினார். லுட்விக் பின்னாளில் சொன்ன கதைப்படி, அட்லாண்டிக் நிறுவனத் தலைவர் அகமத் எர்டிகன் தன் மகளுக்கு அந்தத் தட்டைக் கொடுத்தார். மகளின் மலிவான பிளேயரில் ஊசி குதித்தது. தட்டில் கோளாறு என்று முடிவுசெய்து, அடக்கி வாசிக்கும் வேறொரு பதிப்பை வெட்டி விற்றார்கள். இன்று சேகரிப்பவர்கள் தட்டின் உள் விளிம்பில், பாட்டு முடிந்தபின் வரும் வெற்றுப் பகுதியை விளக்கில் சாய்த்துப் பார்த்து, லுட்விக்கின் முதலெழுத்துகள் கீறப்பட்டிருக்கின்றனவா என்று தேடுகிறார்கள். இரண்டும் வினைல், இரண்டும் அனலாக், ஒரே ஆல்பம். கேட்பதில் அவ்வளவு வித்தியாசம்.

அனலாக் என்ற நம்பிக்கைக்குப் பெரிய அடி 2022 ஜூலையில் விழுந்தது. மொபைல் ஃபிடெலிட்டி என்பது ஒலி ஆர்வலர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய அமெரிக்க மறுபதிப்பு நிறுவனம். மூல நாடாவிலிருந்து நேராக வெட்டப்பட்ட தட்டுகள் என்றுதான் வாங்கியவர்கள் நம்பியிருந்தார்கள். நடுவில் டிஎஸ்டி என்ற டிஜிட்டல் படி பல ஆண்டுகளாகவே இருந்துவருகிறது என்று அதன் பொறியாளர்களே ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார்கள். கொந்தளிப்பு, வழக்கு எல்லாம் தொடர்ந்தன. நிறுவனம் விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லாமல் விட்டது தவறுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அத்தனை ஆண்டுகளாக "இதுதான் அனலாக், டிஜிட்டல் கிட்டவே வராது" என்று புகழ்ந்த காதுகள் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 1980-களில் வந்த பல தட்டுகளிலும் டிஜிட்டல் ஏற்கெனவே புகுந்திருந்தது. வரப்போகும் ஒலி எவ்வளவு பெரிது என்று தெரிந்தால்தான் வெட்டும் இயந்திரமான லேத், பள்ளங்களுக்கு நடுவே எவ்வளவு இடம் விடுவது என்று முடிவுசெய்ய முடியும். அதற்காக ஒலியைக் கொஞ்சம் தாமதித்து அனுப்ப வேண்டும். அந்தத் தாமதத்தைத் தந்தது பல ஸ்டூடியோக்களில் ஒரு டிஜிட்டல் பெட்டி.

ஸ்ட்ரீமிங்: குறை ஒலியில் இல்லை

ஸ்ட்ரீமிங்கில் ஒலியின் தரம் மோசம் என்பது பழைய குற்றச்சாட்டு. நொடிக்கு 320 கிலோபிட் அளவில் வரும் பாட்டை மூலத்திலிருந்து பிரித்தறிவது பெரும்பாலோருக்கு முடியாத காரியம். ஆப்பிள் மியூசிக் 2021-இலும் ஸ்பாட்டிஃபை 2025-இலும் இழப்பில்லாத தரத்துக்கே வந்துவிட்டன. இன்னொரு நல்ல காரியத்தையும் இந்தச் சேவைகள் செய்தன: எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்து ஒலிக்கவிடுகின்றன. ஸ்பாட்டிஃபையின் வழக்கமான இலக்கு மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு). நசுக்கிச் சத்தமாக்கிய பாட்டை அது தானாகவே இறக்கிவிடும். சத்தப் போட்டியில் ஜெயித்து என்ன பயன் என்ற நிலை வந்துவிட்டது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பழைய ஆல்பத்தைத் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் அதன் பிற்கால மறுமாஸ்டர்தான். எந்த ஆண்டு, யார் செய்தது என்ற விவரம் பல நேரம் கண்ணில்படாது. நேற்று கேட்ட பதிப்பை இன்று சத்தமில்லாமல் மாற்றினாலும் நமக்குத் தெரியாது. அப்புறம், இருந்த பாட்டு இல்லாமலும் போகும். 2022 ஜனவரியில் நீல் யங் ஸ்பாட்டிஃபையோடு முரண்பட்டு வெளியேறினார். 2024-இல்தான் திரும்பி வந்தார். அதே 2024-இன் தொடக்கத்தில் உரிமப் பேச்சு முறிந்து, யுனிவர்சல் மியூசிக் தன் பாடல்களை டிக்டாக்கிலிருந்து எடுத்துக்கொண்டது. சந்தா கட்டுபவருக்கு இதில் எந்தப் பேச்சும் இல்லை. அலமாரியில் இருக்கும் தட்டை இப்படி யாரும் வந்து எடுத்துக்கொண்டு போக முடியாது.

இதைவிட ஆழமான வேறுபாடு, பாட்டு எப்போது முடிகிறது என்பது. ஸ்ட்ரீமிங்கில் அது முடிவதே இல்லை. ஆல்பம் தீர்ந்ததும் அதைப்போன்ற இன்னொன்று தானாக ஓடத் தொடங்கும். ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. எனவே பாட்டு எழுதுபவரும் முதல் 30 நொடியிலேயே கேட்பவரைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறார். அடுத்த பாட்டு ஒரு விரல் தட்டும் தூரத்தில் இருக்கும்போது, பிடிபடக் கொஞ்சம் நேரமாகும் பாட்டுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? ஆல்பத்தைத் திறந்ததும் பாட்டு வரிசையைக் கலைத்துப்போடும் பொத்தான் (ஷஃபிள்) முதலில் நிற்பதை 2021 நவம்பரில் பாடகி அடெல் ஆட்சேபித்தார். நாங்கள் யோசித்துத்தான் வரிசை அமைக்கிறோம் என்பது அவர் வாதம். ஸ்பாட்டிஃபை ஆல்பம் பக்கத்தில் அதைப் பின்னுக்குத் தள்ளியது.

வினைலில் இந்த வழக்கே எழாது. ஒரு பாட்டைத் தாண்ட வேண்டுமானால் எழுந்து போய், ஊசிக் கையைத் தூக்கி, பாட்டுகளுக்கு நடுவே மினுங்கும் மெல்லிய இடைவெளியைக் குறிபார்த்து இறக்க வேண்டும். இவ்வளவு வேலைக்கு அந்தப் பாட்டைக் கேட்டுவிடுவதே மேல் என்று உட்கார்ந்துவிடுவோம். மூன்றாவது முறை கேட்கும்போது அந்தப் பாட்டு பிடித்துப்போவதும் உண்டு. 22 நிமிடத்தில் பக்கம் முடிந்து ஊசி உள்வட்டத்தில் தடதடக்கும். திருப்பிப் போடுவதா, நிறுத்துவதா என்று நாம் தீர்மானித்தாக வேண்டும். இசையைப் பின்னணியில் ஓடவிட்டு மறந்துபோக வினைல் லாயக்கில்லாத கருவி. வினைல் பிரியர் 'ஒலி' என்று சொல்வதில் பாதி, இந்தக் கவனம்தான் என்பது என் எண்ணம். உட்கார்ந்து கவனித்துக் கேட்டால் எந்த வடிவிலும் பாட்டு நன்றாகக் கேட்கும். வினைல் உட்கார வைக்கிறது, அவ்வளவே.

ஆல்பம் என்ற கலைவடிவமே இந்தத் தடையில்தான் பிறந்தது என்றாலும் மிகையில்லை. இரண்டு பக்கமும் சேர்த்து 40, 45 நிமிடம். முதல் பக்கத்துக்கு ஒரு தொடக்கம், ஒரு முடிவு. இரண்டாம் பக்கத்துக்கு மறுபடி ஒரு தொடக்கம், ஒரு முடிவு. நான்கு முக்கியமான இடங்கள். சிடி வந்து 74 நிமிடத்தைத் திறந்துவிட்டதும் ஆல்பங்கள் ஊதிப் பெருத்தன. கத்தரி போட்டிருக்க வேண்டிய பாட்டுகளெல்லாம் உள்ளே வந்தன. 1990-களின் எத்தனையோ ஆல்பங்கள் இருபது நிமிடம் குறைவாக இருந்திருந்தால் இன்னும் பெயர் வாங்கியிருக்கும். (விதிவிலக்குகள் உண்டு, ஒரு சிம்பொனியை நடுவில் வெட்டித் திருப்பிப் போட்ட துயரத்தைத் தீர்த்துவைத்தது சிடிதான்.)

பள்ளத்தை வைத்தே விளையாடியவர்களும் உண்டு. பீட்டில்ஸ் 1967-இல் வெளியிட்ட 'சார்ஜென்ட் பெப்பர்' தட்டின் பிரிட்டிஷ் பதிப்பில், கடைசியில் ஊசி மாட்டிக்கொள்ளும் மூடிய வட்டத்திலும் ஒரு குழறல் பேச்சைப் பதித்தார்கள். நீங்கள் எழுந்து போய் ஊசியைத் தூக்கும்வரை அது ஓயாது. சிடியில் அதைச் சில முறை ஒலிக்கவிட்டு மெல்ல மங்கவிட வேண்டியதாயிற்று. மான்ட்டி பைதான் நகைச்சுவைக் குழு 1973-இல் வெளியிட்ட ஒரு தட்டின் ஒரு பக்கத்தில் இரண்டு பள்ளங்கள் பின்னிக்கொண்டு ஓடின. ஊசி எதில் விழுகிறதோ அந்த நிகழ்ச்சி கேட்கும். வாங்கியவர்கள் சிலர் தட்டு மாறிவிட்டதோ என்று குழம்பியிருப்பார்கள்.

கண்ணுக்குத் தெரியும் இசை

உடைமை முக்கியம், நிலையான பதிப்பு முக்கியம் என்றால் சிடியே போதும். கணினியில் ஏற்றி வைத்துக்கொள்ளலாம், ஒலியும் மேல். பின் ஏன் மக்கள் அதைத் தாண்டி வினைலுக்குப் போகிறார்கள்?

ஒரு காரணம் அளவு. எல்பியின் அட்டை பக்கத்துக்கு 31 சென்டிமீட்டர். சிடி அட்டை 12. பரப்பில் ஆறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். அட்டை ஓவியத்தில் முகங்கள் முகங்களாகத் தெரியும், பாடல் வரிகளைப் பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்கலாம். போன் திரையில் அதே ஓவியம் தபால்தலையாகச் சுருங்கிவிடுகிறது.

இன்னொன்று, வினைலில் இசை நடப்பதைப் பார்க்க முடியும். சிடி, பிளேயரின் ட்ரேயில் ஏறி உள்ளே போய்விடும். ஸ்ட்ரீமிங்கில் பார்க்க எதுவுமே இல்லை. வினைலை வெளிச்சத்தில் சாய்த்தால் உரத்த பகுதிகள் வேறு நிறத்தில் மின்னும், அமைதியான இடம் கறுத்துக் கிடக்கும். டிஜேக்கள் இதைப் படிக்கவே பழகினார்கள்: பாடல் ஓய்ந்து டிரம் மட்டும் ஒலிக்கும் இடம் தட்டில் எங்கே இருக்கிறது என்று பள்ளத்தைப் பார்த்தே கண்டுபிடித்து ஊசியை வைப்பார்கள். 1972-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 பிளேயரின் மோட்டார் தட்டை நேரடியாகச் சுழற்றியது. கையால் நிறுத்தி, பின்னுக்கு இழுத்து விட்டாலும் உடனே வேகம் பிடித்தது. ஹிப்-ஹாப்பும் நடன இசையும் அந்தக் கருவியின் மேல் வளர்ந்தன. 1990-களில் மற்ற எல்லோரும் வினைலைக் கைவிட்டபோது, அச்சு ஆலைகளில் எஞ்சியவை மூடாமல் தாக்குப்பிடித்ததில் டிஜேக்கள் வாங்கிய தட்டுகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

மூன்றாவது காரணம் அவ்வளவு கவித்துவமானது இல்லை. வினைல் இன்று ரசிகர் நினைவுப்பொருள். டெய்லர் ஸ்விஃப்டின் 2022 ஆல்பம் 'மிட்நைட்ஸ்' நான்கு அட்டைகளில் வந்தது. நான்கின் பின்புறத்தையும் சேர்த்து வைத்தால் ஒரு கடிகாரம். நான்கையும் வாங்கியவர் நான்கு முறை பாட்டுக் கேட்கப்போவதில்லை. பிளேயர் இல்லாத அந்தப் பாதிப் பேர் யார் என்பது இங்கே விளங்குகிறது. கேலி செய்ய வேண்டியதில்லை. பிடித்த பாடகரின் ஏதோ ஒன்றைக் கையில் வைத்திருக்கும் ஆசை நியாயமானதுதான். ஆனால் ஒரே இசையை நிறம் நிறமாக அச்சடித்து விற்பதில் நிறுவனங்களுக்கு இருக்கும் ஆர்வம், பிவிசி என்ற பொருளை நினைத்தால் கொஞ்சம் உறுத்துகிறது.

இந்தத் தொழில் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தட்டு அச்சடிக்கப் பெரும்பாலும் முதலில் அலுமினியத்தின் மேல் லேக்கர் பூசிய ஒரு மூலத் தட்டில் பள்ளத்தை வெட்ட வேண்டும். அந்த லேக்கர் தட்டை உலகத்துக்கே செய்து கொடுத்தவை இரண்டு நிறுவனங்கள். அவற்றில் ஒன்றான கலிபோர்னியாவின் அப்போலோ மாஸ்டர்ஸ் 2020 பிப்ரவரியில் தீயில் அழிந்தது. மிஞ்சியது ஜப்பானில் ஒன்று. விற்பனை வேகம் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆலைகளின் முன் வரிசை மாதக்கணக்கில் நீண்டது.

புதிதாக வாங்கப்போகிறவருக்குச் சில விஷயங்கள். 180 கிராம் தட்டு என்ற முத்திரைக்கு மயங்க வேண்டாம். கனத்த தட்டு சீக்கிரம் வளையாது, கையில் பிடிக்க நன்றாக இருக்கும், ஆனால் ஒலியைத் தீர்மானிப்பது எடை அல்ல, வெட்டியவரும் அச்சின் தரமும். அட்டையிலோ உள் விளிம்பிலோ மாஸ்டரிங் செய்தவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சிடி மாஸ்டரையே வெட்டியிருக்க வாய்ப்பு உண்டு. பெட்டி வடிவில் ஸ்பீக்கரோடு வரும் மிக மலிவான பிளேயர்களில் பலவற்றில் ஊசி தேவைக்கு மேல் அழுத்தும், தட்டுக்கு நல்லதல்ல. ப்ளூடூத் உள்ள பிளேயர் வசதியானதுதான், ஆனால் ஊசியிலிருந்து வரும் அலையை அது எண்களாக மாற்றி, சுருக்கித்தான் ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. அனலாக்குக்காக வாங்குகிறோம் என்பவர்கள் ஒரு கம்பியையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும்.